அட்டவணைக் கணக்கில் மார்க் போகும் இடம்

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 25 திறனறிவுப் பகுதி. அட்டவணைக் கேள்வி வந்தால் எண்ணைத் தொடாதீர்கள். முதலில் தலைப்பு, அலகு, அடிக்குறிப்பு. ‘ஆயிரத்தில்’ என்ற ஒரு சொல்லை விட்டால் விடை மூன்று சுழியம் தள்ளிப் போகும்.

பயிற்சிக்காக நான் போட்ட எண்கள் இவை. கடலூர் துறைமுகத்தில் ஒரு வாரம் 80 டன் மீன், அதில் வஞ்சிரம் 20. மறுவாரம் மொத்தம் 100, வஞ்சிரம் 15. “வஞ்சிரம் எத்தனை சதவீதம் குறைந்தது?” என்றால் 5-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும்: 25. பலர் 15-ஆல் வகுத்து 33 என்று குறித்துவிடுகிறார்கள். எப்போதும் பழைய எண்ணால்தான் வகுக்க வேண்டும்.

“வஞ்சிரத்தின் பங்கு எவ்வளவு குறைந்தது?” என்றால் கதை வேறு. பங்கு 25 சதவீதத்திலிருந்து 15-க்கு இறங்கியது. ‘சதவீதப் புள்ளி’ என்று கேட்டால் இரண்டு சதவீதங்களையும் கழித்தால் போதும்: 10. ‘எத்தனை சதவீதம்’ என்று கேட்டால் 10-ஐ 25-ஆல் வகுத்து 40. 10, 25, 40 மூன்றுமே விடைத்தெரிவுகளில் உட்கார்ந்திருக்கும்; அதனால் ‘பங்கு’ என்ற சொல்லின் கீழ் கோடு போடுங்கள்.

‘மூன்று மடங்கானது’ தெளிவு. ‘மூன்று மடங்கு அதிகம்’ குழப்பம்: சிலர் 3 என்பார்கள், சிலர் 4. இரண்டையும் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றுதான் தெரிவுகளில் இருக்கும். ‘2020 முதல் 2024 வரை’ சராசரிக்கு ஐந்து ஆண்டுகள்; ஆண்டு வளர்ச்சிக்கு நான்கு இடைவெளிதான்.