பேக்டெஸ்ட்டை எந்தத் தேதியில் தொடங்குவது?

காலையின் முதல் 15 நிமிட உச்சத்தை நிஃப்டி உடைத்தால் வாங்கு, 3.15-க்கு வெளியே வா. பலரும் முதலில் எழுதிப் பார்க்கும் ஆல்கோ (தானாக வாங்கி விற்கும் நிரல்) இதுதான். அதைப் பழைய விலை டேட்டாவில் ஓட்டிச் சோதிப்பதுதான் பேக்டெஸ்ட். டேட்டா 2008-லிருந்து கிடைக்கிறதே என்று அங்கிருந்தே ஓட்டிவிடுவார்கள். ஆனால் 2008-ல் சந்தை திறந்தது காலை 9.55-க்கு. 2010 ஜனவரி 4 முதல் அது 9 மணி ஆனது. அதே ஆண்டு அக்டோபர் 18-ல் முன்திறப்பு அமர்வு (தொடக்க விலையை முடிவு செய்யும் நேரம்) வந்த பிறகுதான் 9.15. ஆக, 9.15 முதல் 9.30 வரையிலான கேண்டிலைத் (அந்த நேரத்தின் விலைப் பட்டையை) தேடும் நிரலுக்கு 2008, 2009 முழுக்க ஒன்றுமே கிடைக்காது. “அன்றைய முதல் கேண்டில்” என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம்: ஏதோ ஒன்று கிடைக்கும், ரிசல்ட்டும் வரும், பிழை கண்ணில் படாது.

பேக்டெஸ்ட்டின் தொடக்கத் தேதியை முதலில் முடிவு செய்வது சந்தையின் விதிகள்தான். உங்கள் உத்தி எந்த விதியின் மேல் நிற்கிறதோ, அது நடைமுறைக்கு வந்த நாளுக்கு முன்னால் போகாதீர்கள். ஆப்ஷனில் (குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) இது இன்னும் கறார். வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் வாராந்திர ஆப்ஷன் 2016 மே மாதத்தில் வந்தது, 2024 நவம்பர் 13-ல் கடைசி எக்ஸ்பைரியோடு (ஒப்பந்தம் முடியும் நாள்) முடிந்தது. அந்த எட்டரை ஆண்டில் எவ்வளவு அழகான ஈக்விட்டி கர்வ் (பணம் வளர்ந்த வரைபடம்) வந்தாலும் இன்று அந்தச் சரக்கே கடையில் இல்லை. நிஃப்டி வாராந்திர ஆப்ஷன் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. அதன் எக்ஸ்பைரி 2025 செப்டம்பரில் வியாழனிலிருந்து செவ்வாய்க்கு நகர்ந்தது. நிரலில் “வியாழன்” என்று எழுதி வைத்திருந்தால் அதற்குப் பிறகான ரிசல்ட் எல்லாம் குப்பை. விடுமுறை வந்தால் எக்ஸ்பைரி முந்தைய நாளுக்குப் போகும் என்பதால், கிழமையை நம்பாமல் ஒப்பந்தத்தின் எக்ஸ்பைரி தேதியையே டேட்டாவிலிருந்து எடுப்பதுதான் சரி.

செலவு விஷயத்தில் மட்டும் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். பழைய டிரேடுகளுக்குப் பழைய வரியைப் போடக் கூடாது. இன்றைய விகிதத்தையே முழு காலத்துக்கும் போட வேண்டும். வரலாறு எழுதுவதல்ல நோக்கம், நாளைக்கு ஓடுமா என்று பார்ப்பதுதான். ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) விற்பனைக்கான எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) 2024 அக்டோபர் 1-ல் 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 ஆனது. நிஃப்டி 24,000-ல் இருக்கும்போது 3 புள்ளியாக இருந்த வரி அப்போது 4.8 புள்ளி ஆனது. டிரேடுக்குச் சராசரி 5 புள்ளி லாபம் காட்டும் ஸ்கால்பிங் (சின்ன அசைவுகளில் அடிக்கடி வாங்கி விற்கும்) உத்தி அங்கேயே காலி. புரோக்கரேஜ், ஸ்லிப்பேஜ் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) எல்லாம் இனிமேல்தான் கழிக்க வேண்டும். டெஸ்ட் ஓட்டும் நாளில் எந்த விகிதம் அமலில் இருக்கிறதோ அதைப் போடுங்கள். லாட் சைஸும் (ஒரு ஒப்பந்தத்தில் உள்ள யூனிட் எண்ணிக்கை) அடிக்கடி மாறியிருப்பதால் லாபத்தை ரூபாயில் கூட்டாமல் சதவீதத்தில் கூட்டுங்கள். 6,000 நிஃப்டியின் 50 புள்ளியும் 24,000 நிஃப்டியின் 50 புள்ளியும் ஒன்றல்ல.

விதிகள் அனுமதிக்கும் காலத்துக்குள் எல்லா வகைச் சந்தையும் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வீழ்ச்சி என்றால் எல்லோரும் 2020 மார்ச்சைத்தான் சேர்ப்பார்கள். ஜனவரியில் 12,430 தொட்ட நிஃப்டி மார்ச் 24-ல் 7,511 வரை போனது. நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. இதை மட்டும் பார்த்துப் பழகிய உத்தி “இறங்கினால் வாங்கு” என்று கற்றுக்கொள்ளும். 2008 அப்படி இல்லை: 6,357-லிருந்து 2,250 அருகே வர ஏறக்குறைய பத்து மாதம், நடுவில் ஏமாற்று ஏற்றங்கள். 2011-ம், 2015 மார்ச் முதல் 2016 பிப்ரவரி வரையிலான காலமும் இன்னொரு ரகம், சொட்டுச் சொட்டாக இறங்கியவை. விலை போகும் திசையிலேயே போகும் டிரெண்ட் உத்திகளின் உண்மையான டிராடவுன் (உச்சத்திலிருந்து பணம் கரைந்த அளவு) பெரும்பாலும் இப்படிப்பட்ட இழுவைக் காலத்தில்தான் தெரியும். பிறகு 2017. இந்தியா விக்ஸ் (சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தின் அளவு) பல மாதம் 10-13 வாக்கில் படுத்துக் கிடந்தது. ஆப்ஷன் விற்கும் உத்திக்கு எவ்வளவு குறைந்த பிரீமியம் கிடைக்கும் என்பதை அந்த வருடம் காட்டும். தினசரி கேண்டில் உத்தி என்றால் இவை எல்லாவற்றையும் சேர்த்து 2007-லிருந்து எடுங்கள்.

ஐந்து நிமிட கேண்டிலில் நாளுக்கு மூன்று டிரேடு போடும் உத்திக்கு அத்தனை பழைய டேட்டா வேண்டாம். அதற்கு வருடத்தை விட டிரேடு எண்ணிக்கை முக்கியம். 100 டிரேடில் 55 வெற்றி என்றால், தற்செயலைக் கழித்துப் பார்த்தால் உண்மையான விகிதம் 45-க்கும் 65-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 400 டிரேடு இருந்தால் 50-க்கும் 60-க்கும் இடையே சுருங்கும். எண்ணும்போது ஒரு எச்சரிக்கை: ஒரே காலையில் ஐந்து வங்கிப் பங்குகளை வாங்கியது ஐந்து டிரேடு இல்லை, கிட்டத்தட்ட ஒன்றுதான்.

தனிப் பங்குகளில் டெஸ்ட் செய்பவர்கள் இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்துப் பின்னோக்கி ஓட்டுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் எல்லாம் ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் இருந்து, பிறகு சரிந்து வெளியேறியவை. இன்றைய பட்டியலில் ஓட்டினால் அந்த நஷ்டங்கள் கணக்கிலேயே வராது. அந்தந்தத் தேதியில் இருந்த பட்டியல் கிடைக்காவிட்டால், காலத்தைச் சுருக்கிக்கொள்வதே நல்லது. பழைய வருடங்களுக்குப் போகப் போக இந்தப் பொய் லாபம் பெருகும்.

காலத்தைத் தேர்ந்த பின் அதை ஆட்டிப் பாருங்கள். தொடக்கத் தேதியை மூன்று மாதம் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். 2020 மார்ச் 23-ல் தொடங்கி ஒரு வருடம் சும்மா வைத்திருந்தாலே நிஃப்டி ஏறக்குறைய இரு மடங்கு. அங்கே தொடங்கும் எந்த வாங்கும் உத்தியும் மேதை போலத் தெரியும். அதேபோல் அதிக லாபம் தந்த இரண்டு மாதங்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அதற்கு மேல் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், கையில் இருப்பது இரண்டு மாதங்களின் நினைவு மட்டுமே.

கடைசி 12 மாத டேட்டாவை முதல் நாளே தனி ஃபைலில் பிரித்துப் பூட்டி வைக்கலாம். அதை ஒரே ஒரு முறைதான் திறக்கலாம். ரிசல்ட் பிடிக்காமல் ஸ்டாப்லாஸை (நஷ்டத்தை நிறுத்தி வெளியேறும் அளவை) 0.5-லிருந்து 0.7 சதவீதத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினால் அதுவும் பயிற்சி டேட்டா ஆகிவிட்டது. மிச்சக் காலத்தில் உருட்டிப் பார்க்கும் முறை நல்லது: இன்ட்ராடே (அன்றே வாங்கி விற்பது) என்றால் 12 மாதத்தில் அளவுருக்களைத் தேர்ந்து அடுத்த 3 மாதத்தில் சோதனை, பிறகு 3 மாதம் நகர்த்து. ஸ்விங் (சில நாட்கள் வைத்திருப்பது) என்றால் 4 வருடமும் 1 வருடமும். சோதனைத் துண்டுகளை மட்டும் ஒட்டி ஈக்விட்டி கர்வ் போடுங்கள். அடுத்தடுத்த காலத் துண்டுகளில் சிறந்ததாக வரும் சராசரியின் நீளம் 20, 85, 34 என்று குதித்தால் அந்த உத்தியை அங்கேயே விட்டுவிடலாம்.

சில்லறை வேலைகள் சில உண்டு. தீபாவளி முகூர்த்த வர்த்தகம், 2024 மார்ச் 2 போன்ற சனிக்கிழமைச் சிறப்பு அமர்வுகள், காலையில் தேசியப் பங்குச் சந்தை நின்றுபோய் மாலை 5 வரை நீண்ட 2021 பிப்ரவரி 24 எல்லாவற்றையும் இன்ட்ராடே டேட்டாவிலிருந்து எடுத்துவிடுங்கள். 200 நாள் சராசரி பயன்படுத்தினால் தொடக்கத் தேதிக்கு முன் குறைந்தது 200 கேண்டில் கூடுதலாக ஏற்றுங்கள். இல்லையென்றால் முதல் பத்து மாதம் டிரேடே விழாது, வருடாந்திர லாபக் கணக்கில் மட்டும் அந்த மாதங்கள் சேரும். முடிவுத் தேதியன்று திறந்து கிடக்கும் டிரேடைப் பல மென்பொருள்கள் அன்றைய குளோஸிங் விலையில் தானாகவே மூடிவிடும். மொத்த டிரேடே 60 என்றால், அந்த ஒன்றை நீக்கிவிட்டும் ஒரு முறை கணக்குப் பாருங்கள்.