இருபது டாலர், ஆனால் எந்த டாலர்?

கரீபியத் தீவு நாடான கிரெனடாவில் செலவைச் சுருக்குவது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த டாக்ஸி விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

ஏறும்போது "இருபது" என்றார் ஓட்டுநர். இறங்கும்போது உள்ளூர்ப் பணமான கிழக்குக் கரீபிய டாலரில் இருபதை நீட்டினேன். "அமெரிக்க டாலர்" என்றார். ஒரு அமெரிக்க டாலருக்கு அவர்கள் பணம் 2.70, 1976-லிருந்து அந்த விகிதம் அசையவில்லை. ஆக, 54 கொடுத்தேன். வெளியூர்க்காரரிடம் எந்த டாலர் என்று முன்னாலேயே சொல்லாதது ஏமாற்றுதான். இந்தத் தீவில் எதற்கு விலை பேசினாலும் அந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிடுங்கள்.

மறுநாளிலிருந்து மினிபஸ்தான். தலைநகர் செயின்ட் ஜார்ஜஸிலிருந்து மேற்குக் கரையோரமாகக் குயாவ் வரைக்கும் போனேன்; டாக்ஸிக்குக் கொடுத்ததில் கால் பங்குகூட ஆகவில்லை. நாலு பேர் உட்காரும் வரிசையில் ஐந்தாவது ஆளுக்கும் இடம் கண்டுபிடித்தார்கள். பாட்டுச் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. இறங்குமிடம் வந்தால் வண்டியைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. எனக்கு அந்தப் பயணம் அவ்வளவு பிடித்திருந்தது.

குயாவில் ஜாதிக்காய் பதனிடும் பழைய மரக்கட்டடம் இருக்கிறது. பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் உரைகல்லில் அம்மா இழைத்துக் கொடுக்கும் அதே ஜாதிக்காய்! இங்கே அது தேசியக் கொடியிலேயே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் வாசனை தூக்கிவாரிப் போட்டது. காயைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்கள்: மூழ்கினால் நல்ல கொட்டை, மிதந்தால் எண்ணெய்க்கு. மற்றதெல்லாம் பெண்களின் கையும் கண்ணும்தான்.

ஒரு காலத்தில் ஜாதிக்காய் விளைச்சலில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் இந்தக் குட்டித் தீவுக்கு. 2004 செப்டம்பர் 7-ஆம் தேதி ஐவன் புயல் சில மணி நேரத்தில் பெரும்பாலான மரங்களைச் சாய்த்துவிட்டது. மொத்தச் சேதம் நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பைப் போல இரண்டு மடங்கு. நெல்லாக இருந்தால் அடுத்த போகத்தில் எழுந்துவிடலாம். ஜாதி மரம் காய்க்கவே ஆறேழு வருடம் ஆகும், முழுப் பலன் தர இன்னும் அதிகம். அத்தனை வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தபின், பூக்கும்போதுதான் அது ஆண் மரம், காய்க்காது என்று தெரியவரும். நட்டவருக்கு எப்படி இருக்கும்! 2024 ஜூலை 1-ல் பெரில் புயல் இந்நாட்டின் இன்னொரு தீவான கரியாக்குவைத் தரைமட்டமாக்கியது.

மரம் போன இடத்தில் இப்போது சோறு போடுவது சுற்றுலாவும், அமெரிக்க மாணவர்கள் வந்து படிக்கும் மருத்துவப் பல்கலைக்கழகமும்தான். கூடவே குடியுரிமையையும் விற்கிறார்கள்; ஆரம்ப விலை 2,35,000 அமெரிக்க டாலர். வருகிறவர்களும் வாங்குகிறவர்களும் மனம் மாறினால் இவர்கள் என்ன செய்வார்கள் என்ற கவலை எனக்கு வந்தது.

கடைக்குப் போனால் அலமாரி நிறைய இறக்குமதிச் சரக்கு, விலையும் அதற்கேற்றபடி. சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகத்தில் பில்லைப் பார்த்தேன்: விலைமேல் 15 சதவீத வரி, அதற்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணம். அங்கே இரண்டாம் முறை போகவில்லை.

சாப்பிட வேண்டியது ஆயில் டவுன். சீமைப்பலா, உப்புக்கண்டம், கீரை எல்லாவற்றையும் தேங்காய்ப் பாலும் மஞ்சளும் ஊற்றி, பால் சுண்டி எண்ணெய் அடியில் தங்கும்வரை ஒரே சட்டியில் வேகவைக்கிறார்கள். தெருவோரம் ஒரு அம்மாவிடம் வாங்கினேன். அந்தச் சீமைப்பலாத் துண்டின் மென்மை இன்னும் நாக்கில் இருக்கிறது. பயணத்தின் சிறந்த சாப்பாடு அதுதான்.

குயாவுக்கு வெள்ளிக்கிழமை போங்கள், சாயங்காலம் தெருவெல்லாம் மீன் சுடுவார்கள். ஆனால் இருட்டினால் பஸ் அருகிவிடும், ஞாயிற்றுக்கிழமை சொல்லவே வேண்டாம். திரும்பி வர வண்டியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். எந்த டாலர் என்றும் கேட்டுவிடுங்கள்.