ஒரு டன்னுக்கு ஒரு மில்லிகிராம்

தூத்துக்குடியில ஒரு இறால் ஏற்றுமதி கம்பெனில ஒன்பது வருஷம் குவாலிட்டி செக்‌ஷன்ல வேலை பாத்தேன். ஏற்றுமதிக்கு என்ன தடைன்னு கேட்டா எல்லாரும் வரியைத்தான் சொல்வாங்க, 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் போட்டப்ப பேப்பர் பூரா அதான். பெரிய அடிதான், ஆனா வரி எவ்வளவுன்னு தெரிஞ்சா கணக்குப் போட்டுப் பாத்து, கட்டுபடியாகலன்னா அனுப்பாம இருந்துடலாம். என் தூக்கத்தைக் கெடுத்தது நைட்ரோஃபியூரான்.

இறால் பண்ணைல போடவே கூடாதுன்னு நம்ம நாட்டுலயும் தடை பண்ண ஆன்டிபயாடிக் அது. அதோட மிச்சம் 1 பிபிபி இருந்தாலே அப்ப ஐரோப்பால சரக்கு நின்னுடும். 1 பிபிபின்னா ஒரு டன் இறால்ல ஒரு மில்லிகிராம், 2022 நவம்பர்ல அதையும் பாதியாக்கிட்டாங்க. இதுல நம்ம பண்ணை இறால்ல 10 சதவீத சரக்கை சோதிச்சிட்டு இருந்ததை 2016ல 50 சதவீதம் ஆக்கினாங்க, ரெண்டு கன்டெய்னர் போனா ஒண்ணு துறைமுகத்துல நிக்கும், ரிசல்ட் வர்றவரைக்கும் வாடகையும் கரன்ட் செலவும் நம்ம தலைலதான்.

2018ல எங்க கன்டெய்னர் ஒண்ணு மாட்டுச்சு. வேதாரண்யம் பக்கத்துப் பண்ணைச் சரக்கு, மருந்து மிச்சம் இருக்கான்னு அறுவடைக்கு முன்னாடி எடுத்த எலைசா டெஸ்ட்ல பாஸ், எங்க லேப்லயும் பாஸ், அங்க போய் ஃபெயில். மெயில் வந்த அன்னிக்கு எனக்கு சோறு இறங்கல. புது ஆர்டர் நின்னுச்சு, கிலோ கணக்குல கூலி வாங்கி இறால் உரிக்கிற அக்காங்க ரெண்டு வாரம் வந்து வந்து வாசல்லயே திரும்பிப் போனாங்க. ஐரோப்பாக்காரன் விதி தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், அந்த மருந்து உடம்புக்கு ஆகாது, நம்ம ஊர் மார்க்கெட்ல விக்கிற இறாலுக்கும் அதே சோதனை வேணும். ஆனா தண்டனை யாருக்குப் போய்ச் சேருதுன்னு பாத்தாதான் வயிறு எரியுது.

பண்ணைக்கார அண்ணன் பஸ் புடிச்சு நேர்ல வந்துட்டார். "தம்பி, நான் ஒரு மருந்தும் ஊத்தலயே"ன்னு திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். கடைசில அவர் குளத்துக்கு ஊத்தின ப்ரோபயாடிக்கை, அதான் நல்ல பாக்டீரியான்னு விக்கிறதை, டெஸ்ட்டுக்கு அனுப்பினோம், அதுலதான் இருந்திருக்கு. அதை வித்தவனுக்கு ஒண்ணும் ஆகல. அண்ணன் காலி டப்பாவை என் மேஜை மேல வச்சு, "இதுல எங்க தம்பி எழுதிருக்கு, படிச்சுச் சொல்லு"ன்னார். நாலு பக்கமும் திருப்பிப் பாத்தேன், எங்கயும் எழுதல.