பால் கணக்கும் கீஸ்டோர் கோப்பும்

எங்கள் வீட்டில் நாலு மாடு. காலையில் யாருக்கு எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று அம்மா காலண்டர் தாளில் கிறுக்கி வைப்பார். அதைப் பார்த்துத்தான் 2016-ல் ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப் எழுதி பிளே ஸ்டோரில் ஏற்றினேன். பெரிய ஆப் ஒன்றும் இல்லை. பக்கத்து ஊர் பால்காரர்கள் கொஞ்சம் பேர் பயன்படுத்தினார்கள்.

2019-ல் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கோடு முழுக்க கிட் என்ற கோடு சேமிப்புக் கருவி வழியாக வெளியில் நகலாக இருந்ததால் நான் கவலைப்படவில்லை. புது மெஷினில் எல்லாவற்றையும் நிறுவி, ஒரு பிழையைத் திருத்தி, அப்டேட் போடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: கிட்டில் இல்லாத ஒரே கோப்பு, ரிலீஸ் கீஸ்டோர். இரண்டு மூன்று கேபி இருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கோப்பில் இருப்பது ஒரு ஜோடி டிஜிட்டல் சாவி. ரகசியச் சாவியால் ஆப்பில் கையெழுத்துப் போடுகிறோம். பொதுச் சாவி ஒரு சர்டிபிகேட்டுக்குள் உட்கார்ந்து ஆப்போடு ஊர் ஊராகப் போகிறது. அப்டேட் வரும்போது, ஏற்கெனவே உள்ள ஆப்பில் கையெழுத்துப் போட்ட அதே ஆள்தானா என்று போன் பார்க்கிறது. இல்லையென்றால் உள்ளே விடாது. நான் யார், என் பெயர் உண்மையா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. சர்டிபிகேட்டில் எம்.ஜி.ஆர் என்று போட்டிருந்தாலும் கவலைப்படாது. முதலில் வந்த சாவிதான் இப்போதும் வர வேண்டும், அது போதும்.

அந்தச் சாவி உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் புதுப் பேக்கேஜ் பெயரில் (ஆப்பைப் போன் அடையாளம் காணும் பெயர்) புது ஆப்பாக ஏற்ற வேண்டியதாயிற்று. கொடுமை என்னவென்றால், பழைய ஆப்பின் தகவலைப் புது ஆப் தொட முடியாது. பழையதில் எக்ஸ்போர்ட் பட்டனும் நான் வைக்கவில்லை. அதை வைக்க ஒரு அப்டேட் போட வேண்டும். அதற்குத்தான் சாவி இல்லையே! கடைசியில் அம்மா தன் போனைப் பார்த்து வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு வீட்டுப் பாக்கியையும் நான் புது ஆப்பில் தட்டினேன்.

சரி, இந்த முறையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று ஜாவா நிரல் எழுதும் தொகுப்பான ஜேடிகேயோடு வரும் கீடூல் என்ற சாவி உருவாக்கும் கருவியைத் திறந்தேன். சாவி வகை ஆர்எஸ்ஏ, நீளம் 2048 பிட். எத்தனை நாள் செல்லும் என்பதை நாமே சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் 90 நாள் என்று அதுவாக எடுத்துக்கொள்ளும். பிளே ஸ்டோரோ 2033 அக்டோபர் 22-க்குப் பிறகும் செல்லுபடியாகிற சாவியைத்தான் ஏற்கும். வழக்கமாக எல்லோரும் கொடுக்கிற 10000 நாளையே கொடுத்தேன், ஏறக்குறைய 27 வருடம்.

முதலில் பாஸ்வேர்டு கேட்டது. தட்டினால் திரையில் நட்சத்திரம்கூட வராது. கீபோர்டு போய்விட்டதோ என்று இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். பிறகு பெயர், பிரிவு, நிறுவனம், ஊர், மாநிலம், நாட்டுக்கு இரண்டு எழுத்து. நிறுவனம் என்ற இடத்தில் 'பால் கணக்கு' என்று அடித்தேன். எல்லாம் சரியா என்று கடைசியில் கேட்டதும் எண்டர் தட்டினேன். மறுபடி முதல் கேள்வி. மறுபடி எல்லாவற்றுக்கும் பதில், மறுபடி எண்டர், மறுபடி முதல் கேள்வி. அப்புறம்தான் கண்ணில் பட்டது: அங்கே சும்மா எண்டர் தட்டினால் 'இல்லை' என்று அர்த்தம். 'யெஸ்' என்று அடித்த மறு நொடி சாவி தயார்.

அந்த ஒரு நொடிக்குள் மெஷின் இரண்டு பிரம்மாண்டமான பகா எண்களைத் தேடி எடுக்கிறது. எவராலும் ஊகிக்க முடியாதபடி எடுக்கிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 2006-ல், சாவி உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் கோடில் செய்த ஒரு மாற்றத்தால், புராசஸ் எண்ணை (ஓடும் நிரலுக்கு மெஷின் தரும் எண்) தவிர வேறு எந்தத் தற்செயலும் சாவிக்குள் போகாமல் நின்றுவிட்டது. ஒரு வகை மெஷினில், ஒரு குறிப்பிட்ட அளவுச் சாவி என்றால் மொத்தமே 32,768 சாவிதான் பிறக்க முடியும். 2008 மே மாதம்தான் அது வெளியே வந்தது. அதுவரை அப்படிப் பிறந்த சாவிகளை எல்லாம் தூக்கிப் போட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

ஏற்றும்போது பிளே ஆப் சைனிங்கில் சேர்ந்துகொண்டேன். அதில் பயனர்களுக்குப் போகும் ஆப்பில் கையெழுத்துப் போடும் சாவி கூகுளிடம் இருக்கும்; நம்மிடம் இருப்பது ஏற்றுவதற்கான சாவி மட்டும். இது தொலைந்தால் மாற்றிக் கேட்கலாம். 2021 ஆகஸ்டிலிருந்து புது ஆப்களுக்கு பிளே ஆப் சைனிங் கட்டாயம். நம் சாவி இன்னொருவரிடமா என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஆனால் பாக்கித் தொகையைத் தட்டிய அந்த ராத்திரி நினைவுக்கு வந்ததும் சம்மதித்துவிட்டேன்.

அதிலும் ஒரு சிக்கல். என் போனில் கேபிள் வழியாக ஏற்றினால் கூகுள் லாகின் வேலை செய்தது. ஸ்டோரிலிருந்து இறக்கினால் பிழை எண் 10. இரண்டு ராத்திரி மண்டையைக் குடைந்தேன். லாகினுக்காக நான் பதிந்து வைத்திருந்தது என் கீஸ்டோரின் ஷா-1 கைரேகை, அதாவது சர்டிபிகேட்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் சின்ன அடையாள எண். ஸ்டோரில் இருக்கும் ஆப்பில் இருப்பதோ கூகுளிடம் உள்ள சாவியின் கையெழுத்து. பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்திலிருந்து அந்தக் கைரேகையையும் எடுத்துச் சேர்த்ததும் சரியாயிற்று.

கீஸ்டோரை இரண்டு பென்டிரைவில் போட்டு, பாஸ்வேர்டைத் தனியாக ஒரு தாளில் எழுதினேன். எழுதியதோடு விடாமல் தம்பியின் லேப்டாப்பில் செருகித் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை. தாளில் ஒரு பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக எழுதியிருக்கிறேன்! திருத்தி, கைரேகை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஒன்றை அம்மாவிடம் கொடுத்தேன். என்னடா இது என்றார். என் கையெழுத்து என்றேன். வீட்டுப் பத்திரம் இருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு பீரோவைப் பூட்டினார்.