ஒலிம்பியாவின் சேறு காத்த கொப்பரைகள்

கிரீஸ் என்றால் வெயில், வெள்ளை வீடு, நீலக் கடல் என்ற நினைப்போடு வருகிறவர்களுக்கு பட்ராஸின் குளிர்காலம் வேறொரு நாட்டைக் காட்டும். மேற்குக் கரை. கார்த்திகை அடைமழைபோல் நாள்கணக்கில் கொட்டும். நாங்கள் வந்து இறங்கியது அந்த மழையில்தான். கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. எனக்கு வரி எண், தங்கும் அனுமதி, வங்கிக் கணக்கு என்று ஒவ்வோர் அலுவலகமாக வரிசையில் நிற்கும் வேலை. மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கடைகள் அடைத்துவிடும், தெருவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் குழந்தை அழுதால்கூட அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று பதைப்பேன்.

ஊர் பிடிபடத் தொடங்கியது வீட்டுக்காரம்மாவால். என்னை 'கொரீட்சி மு' என்றுதான் கூப்பிடுவார், 'என் பெண்ணே' என்று. எழுபதைத் தாண்டியவர். வாரச் சந்தையில் எந்தக் கீரையை வேகவைத்து எலுமிச்சை பிழிய வேண்டும், எந்த மீனை எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததே. ஒரு நாள் கடலோரத்தில் இருக்கும் புனித ஆந்திரேயா தேவாலயத்துக்கு அழைத்துப் போனார். திருவுருவப் படத்தின் முன்னால் கயிற்றில் வரிசையாகச் சின்னச் சின்னத் தகடுகள். கால், கை, கண், குழந்தை என்று புடைப்பாக அடித்த மெல்லிய உலோகம். 'தாமா' என்கிறார்கள். மகனின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு வேண்டிக்கொண்டு தானும் ஒரு காலைக் கட்டியதாகச் சொன்னார். சமயபுரத்தில் கண்மலர் வாங்கிச் செலுத்தியவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இந்த மண்ணில் இது எவ்வளவு பழைய வழக்கம் என்று தெரிய வேண்டுமானால் ஒலிம்பியா போய்ப் பார் என்றார். பழங்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த இடம், கிரேக்கர்களின் தலைமைத் தெய்வமான ஜீயஸின் தலம்.

பட்ராஸிலிருந்து பிர்கோஸ் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொன்று. நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அரசு அருங்காட்சியகங்களுக்கும் தொல்லிடங்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களுக்கு அது பெரிய உதவி. கூட்டமும் குறைவு.

ஒலிம்பியா அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஹெர்மெஸ் என்ற தெய்வத்தின் சிலையையும் ஜீயஸ் கோயிலின் பளிங்குச் சிற்பங்களையும் பார்த்துவிட்டு ஓட்டப்பந்தயத் திடலுக்குப் போய்விடுகிறார்கள். எனக்குக் கால் நகராமல் நின்றது வெண்கலப் பொருள்களுக்கு முன்னால். கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மூன்று கால் கொப்பரை ஒன்று முழுசாக இருக்கிறது. முழங்காலைத் தாண்டும் உயரம்தான். குண்டா தகட்டில் அடித்தது, கால்கள் வார்த்தவை, மேலே வளையப் பிடிகள். அடுப்பில் ஏற்றிச் சமைக்கும் பாத்திரமாகத் தொடங்கிய வடிவம் அது. அடுத்த நூற்றாண்டில் சமையலோடு அதற்குத் தொடர்பே அற்றுப்போய், ஆள் உயரத்தை எட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பிடி வளையத்தின் உச்சியில் சின்ன வெண்கலக் குதிரை நிற்கும். அப்படி ஒரு கொப்பரையின் விலையைப் பண்டைக் கிரேக்கக் கவி ஹோமர் சொல்கிறார்: 12 மாடு. அவ்வளவு சொத்தை ஒருவர் இந்த ஆற்றங்கரைக்குச் சுமந்து வந்து தெய்வத்திடம் விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

விட்டதை வெளியே எடுத்துப் போகக்கூடாது, அது தெய்வத்தின் உடைமை. இடம் நிறைந்ததும் பழையவற்றைச் சிலசமயம் உருக்கினார்கள், மற்றபடி வளாகத்துக்குள்ளேயே புதைத்தார்கள். ஓட்டத்திடலின் மண்கரைகளுக்குள் தலைக்கவசங்களும் கேடயங்களும் போயின. திருவிழாக் கூட்டத்தின் குடிநீருக்காகத் தோண்டிய கிணறுகள் நூற்றுக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அவற்றை மூடும்போது உடைந்த காணிக்கைகளையும் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். வெளியே இருந்த வெண்கலமெல்லாம் பின்வந்த நூற்றாண்டுகளில் உலைக்குப் போய்விட்டது. மண்ணுக்குள் போனதுதான் மிஞ்சியது. அதற்கு மேல் நிலநடுக்கம், அப்புறம் அல்ஃபியோஸ், கிளாடியோஸ் என்ற இரண்டு ஆறுகளின் வண்டல். கோயிலே பல மீட்டர் சேற்றுக்கு அடியில் போய்விட்டது.

அதைத் தோண்ட ஜெர்மனியும் கிரீஸும் 1874இல் ஓர் ஒப்பந்தம் போட்டன. கண்டெடுப்பவை கிரீஸுக்கே சொந்தம் என்பது அதன் முக்கியமான விதி. பழம்பொருள்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போன காலத்தில் இப்படி எழுதி வாங்கியது பெரிய விஷயம். இங்கிருந்த ஜீயஸ் கோயிலின் சிற்பத் துண்டுகள் சிலவற்றையே 1829இல் பிரெஞ்சுக் குழு கொண்டுபோய், அவை இன்றும் பாரிஸில் இருக்கின்றன. 1875இல் ஜெர்மானியத் தொல்லியலாளர் எர்ன்ஸ்ட் கூர்ட்டியுஸ் தலைமையில் அகழாய்வு தொடங்கியது. இடையில் நின்றாலும் இன்றுவரை ஜெர்மானியத் தொல்லியல் நிறுவனம்தான் அந்தப் பணியைத் தொடர்கிறது.

மண் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2021 மார்ச்சில் ஒரு செய்தி வந்தது. பலத்த மழைக்குப் பிறகு ஜீயஸ் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தொல்லியலாளரின் கண்ணில் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கொம்பு பட்டது. எடுத்தால், சின்ன வெண்கலக் காளை. சேதமில்லை. உடம்பில் எரிந்த தடயம் இருந்ததால் பலிபீடத்துச் சாம்பலோடு கிடந்ததாகக் கருதுகிறார்கள். முழங்காலுக்காக வீட்டுக்காரம்மா கட்டிய தகட்டுக்கும் அந்தக் காளைக்கும் இடையில் மதமே மாறியிருக்கிறது. வேண்டுதல் மாறவில்லை.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியவை பெயர்களும் வெளியூர்ச் சரக்கும். பாரசீகரை ஏதென்ஸ்காரர்கள் வென்ற மாரத்தான் போரின் தளபதி மில்டியாடீஸ் ஜீயஸுக்குச் செலுத்திய தலைக்கவசத்தில் அவர் பெயரை இன்றும் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். கிரேக்க வகுப்பில் கற்ற எழுத்துகளை வைத்து நானே படித்தேன், அன்றைய சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பக்கத்திலேயே இத்தாலிக் கரையில் எத்ருஸ்கானியர் என்ற அந்நாட்டுப் பண்டை மக்களிடம் பிடுங்கிய கவசம். பாரசீகரிடம் ஏதென்ஸ்காரர்கள் பறித்துவந்தது ஒன்று. கொப்பரை விளிம்புகளில் கழுகுமூக்கும் நீண்ட காதும் கொண்ட கிரிஃபின் என்ற கற்பனை விலங்கின் தலைகள், அந்த மரபே கிழக்கிலிருந்து வந்தது. எல்லாவற்றையும் விட அந்தத் தகட்டுச் சிலைகள்! வட சிரியப் பக்கத்தில் யாரோ உருவங்கள் அடித்த வெண்கலத் தகடுகள் எப்படியோ இங்கே வந்து சேர, கிரேக்கக் கொல்லர்கள் அவற்றை வெட்டி, வளைத்து, ஆணியடித்து ஒரு பெண் சிலைக்கு ஆடையாக்கிவிட்டார்கள். குனிந்து பார்த்தால் ஆடையின் மேல் பழைய ஊரின் உருவங்கள் அப்படியே தெரியும்.

இந்தப் பக்கம் வருகிற நம்மவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒலிம்பியா போனால் முதலில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், வெண்கலத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் வையுங்கள். திடல் எங்கேயும் ஓடிவிடாது. மழைக்காலமென்றால் நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், அந்த இரண்டு ஆறுகள் கொண்டுவந்த சேறு லேசில் விடாது.