பூட்டிய பேட்டரி மெதுவாகத் தேய்வது ஏன்?

2016-இல் டெஸ்லா நிறுவனம் மாடல் எஸ் 60 என்னும் காரை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் அடியில் இருந்தது 75 கிலோவாட்-மணி பேட்டரி. அதில் 60-ஐ மட்டுமே மென்பொருள் பயன்படுத்த விட்டது. மீதி வேண்டுமென்றால் பிறகு பணம் கட்டித் திறந்துகொள்ளலாம். ஏற்கெனவே சுமந்து திரிகிற பொருளுக்கு மறுபடியும் விலையா என்ற எரிச்சல் எனக்கும் இருந்தது. பேட்டரி தேய்மானத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபின் அது பாதி தணிந்துவிட்டது.

பூட்டு என்றதும், பேட்டரியின் ஒரு மூலையில் சில செல்கள் வேலையின்றி உறங்குவதாகத்தான் நான் எண்ணியிருந்தேன். உண்மையில் எல்லாச் செல்களும் உழைக்கின்றன. எந்தச் செல்லும் விளிம்புவரை நிரம்பாதபடி மென்பொருள் நிறுத்திவிடுகிறது, அவ்வளவே. முழுதாக நிரம்பும்போது இவ்வகை லித்தியம் அயனி செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டை எட்டும். அந்த உச்சத்தில், அதிலும் வெயிலில், நெடுநேரம் நின்றால், நேர்மின்வாய்ப் பக்கம் மின்பகுளி (செல்லுக்குள் அயனிகள் நகரும் திரவம்) சிதைவதும், எதிர்மின்வாயின் மேல் படியும் மென்படலம் தடித்து லித்தியத்தை விழுங்குவதும் வேகமெடுக்கின்றன. தினமும் முழுக்க சார்ஜ் ஏற்றாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். பூட்டிய காரிலோ, திரையில் 100 விழுக்காடு என்று காட்டும்போதும் செல்லுக்குள் இருப்பது ஏறத்தாழ 80 தான்.

இதை ஓட்டுபவரே கவனிக்க முடியும். சாதாரண மின்கார் கடைசிச் சில விழுக்காட்டை ஏற்றுகையில் மின்னோட்டம் சொட்டுச் சொட்டாகக் குறையும். பூட்டிய காரில் வேகம் அவ்வளவாகத் தளர்வதில்லை. முழு சார்ஜுடன் கிளம்பி உடனே வேகம் குறைத்தாலும், சக்கரத்திலிருந்து திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்கும்.

விற்பதற்காக அன்றி, ஆயுளுக்காகவே ஒதுக்கி வைத்தவர்களும் உண்டு. 2010 இறுதியில் வந்த செவ்ரோலெட் வோல்ட் என்னும் காரின் 16 கிலோவாட்-மணி பேட்டரியில் சுமார் 10 மட்டுமே பயன்பாட்டுக்கு விடப்பட்டது. பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லாத நிசான் லீஃப் மின்காரோ, 2012-லேயே அமெரிக்காவின் அரிசோனா வெயிலில், பேட்டரியின் கொள்ளளவைத் திரையில் காட்டும் கோடுகளை ஒவ்வொன்றாக இழக்கத் தொடங்கியது.

2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, தப்பிச் செல்வோருக்காக டெஸ்லா இந்தப் பூட்டைத் தொலைவிலிருந்தே சில நாள்களுக்குத் திறந்துவிட்டது. அதனால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைத்தது. நல்ல காரியம்தான்; ஆனால் சாவி யார் கையில் இருக்கிறது என்பதும் அன்றே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அதே கை 2019-இல் எதிர்த்திசையில் திரும்பியது. சில கார்கள் தீப்பிடித்ததை அடுத்து வந்த புதுப்பிப்பு ஒன்று, முழுக் கொள்ளளவுக்கும் விலை கொடுத்து வாங்கிய பழைய மாடல் எஸ் கார்கள் சிலவற்றின் உச்ச மின்னழுத்தத்தைக் குறைத்துவிட்டது. வழக்கு நடந்து, 2021-இல் 1,743 கார்களுக்காக 15 லட்சம் டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. வழக்கறிஞர் கட்டணம் முதலியவை போக, காருக்கு 625 டாலர். அந்தச் செல்களுக்கு இது நன்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் குறைந்துபோன தூரம் உரிமையாளர் காசு கொடுத்து வாங்கியது.

இன்று பழைய மாடல் எஸ் ஒன்றை வாங்கும் நிலை எனக்கு வந்தால், விற்கும்போதே பூட்டப்பட்ட 60-ஐத்தான் முதலில் தேடுவேன். வாங்கியபின் அந்தப் பூட்டைத் திறக்கவும் மாட்டேன்.