பால் வடியும் வரி

7 ஜூலை, திங்கள்

நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இன்று வடிவக் கவிதை தொடங்கினேன். வண்ணத்துப்பூச்சி, குடை, மீன் என்று மூன்று உருவங்களை வரைந்து, தாளாகவே கொடுத்துவிட்டேன். அதுதான் தவறு. எல்லாரும் கோட்டுக்குள் இருந்த இடத்தை நிரப்பினார்கள். ஒருத்தி சிறகு முழுக்க "அழகு அழகு அழகு" என்று எழுதியிருந்தாள். அவள் மேல் குற்றமில்லை, நான் கேட்டதைத்தான் செய்தாள். உருவம் முந்திக்கொண்டால் சொல்லுக்கு வண்ணப் பென்சில் வேலைதான் மிஞ்சும். நாளைக்குத் தாளில் ஒரு கோடும் இருக்காது.

8 ஜூலை, செவ்வாய்

கொக்கின் கழுத்து வளைவில் எழுதப்போன பையனுக்கு இடம் போதவில்லை. "கொ"வின் கொம்பை ஒரு வரியிலும் மிச்சத்தை அடுத்த வரியிலும் வைத்துவிட்டான். எழுத்தை உடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் கட்ட நோட்டு எடுக்கச் சொன்னேன். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. கொம்பும் காலும் எத்தனை இருந்தாலும் "கொ" ஓர் எழுத்துதான்.

எழுத்துகளை உருவமாக அடுக்கும் நம் சித்திரகவிக்கு அடிப்படையே இந்தக் கணக்கு. வெண்பலகையில் இரண்டு பாம்புகளைப் பின்னி வரைந்து நாகபந்தம் காட்டினேன். உடல்கள் குறுக்கிடும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு வரிக்கும் பொதுவாக நிற்கும். பிறகு முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரேபோல் படிக்கும் மாலைமாற்று: மாடு ஓடுமா, மோரு போருமோ. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை வரிசையிலும் இதுதான் ஓடியது.

10 ஜூலை, வியாழன்

பள்ளிக்குப் பின்னால், மாரியம்மன் கோவிலை ஒட்டி நாலைந்து பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், மிச்சம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கம் மற்றதெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது. கொக்கு எழுதிய பையனின் பாட்டி அந்தக் காலத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் மரம் வெட்டு வேலை பார்த்தவர். பழைய உளியோடு வந்தார்.

"மணி எட்டாச்சு டீச்சரம்மா, வெயில் ஏறிட்டா பால் சரியா ஓடாது. நாங்கல்லாம் இருட்டுலயே நெத்தி விளக்கு கட்டிக்கிட்டு மர நிரைக்குப் போயிருவோம்" என்றபடியே பட்டையை மெல்லிசாகச் சீவினார். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து கோடு விழுந்தது. அப்படிச் சரித்தால்தான் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நிறைய அறுபடும். பால் கோட்டோடு ஊர்ந்து வந்து, தகரத்தில் தயங்கி, பால் பிடிக்கும் மங்கில் சொட்டியது. பிள்ளைகள் சத்தமே போடவில்லை.

கோல கங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தைப் பார்த்திருப்பதாக ஒருத்தி சொன்னாள். 1877இல் நட்ட பால்மரம் அது. "அதுக்கும் பால் வருமா டீச்சர்?" பாட்டியைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே உளியைத் துணியில் சுற்றினார்.

வகுப்புக்குத் திரும்பியதும் பேரன் எழுதியது:

கோடு
　சரிய
　　பால்
　　　வழிய
　　　　சொ
　　　　ட்
　　　　டு
　　　　மங்கு

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உருவத்தை அவன் வரையவே இல்லை. பால் போன வழியில் சொல் போயிருக்கிறது.

14 ஜூலை, திங்கள்

இன்று தேர் வடிவக் கவிதை. சம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருவெழுகூற்றிருக்கையின் எண் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் தட்டில் ஒன்று. அடுத்ததில் ஒன்று, இரண்டு, ஒன்று. அதற்கும் அடுத்ததில் ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. இப்படியே ஏழு வரை ஏறி இறங்கும். தட்டுத் தட்டாக எழுதினால் தேர் எழும்பிவிடும். ஒன்பது, பத்து வயதுக்கு மூன்று தட்டு போதும். பாதிப் பேர் எண்ணிக்கைக்காகப் பொருள்களை அடுக்கினார்கள்: இரு பேனா, மூன்று பந்து. "அழகு" எழுதிய பிள்ளை மட்டும் நோட்டை மூடி வைத்துக்கொண்டு எழுதினாள்.

ஒரு மரம்
ஒரு கோடு, இரு கை, ஓர் உளி
ஒரு பாட்டி, இரு வாளி, மூன்று மைல், இரு கால், ஒரு மூச்சு

"ஓர் உளி" என்பதை யாரும் திருத்தவில்லை, அவளாகவே எழுதியது. மூன்று மைல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்ததாகப் பாட்டி அன்றைக்குச் சொன்னாராம். என் காதில் அது விழவில்லை.

16 ஜூலை, புதன்

மேனிலா அட்டைகளைச் சுவரில் ஒட்டினோம். பேரனைக் கூட்டிப்போக வந்த பாட்டி, அவன் கவிதை முன்னால் நின்றார். எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு வரி இறங்கும் வழியாக விரலை ஓட்டினார்.

"இம்புட்டுச் சரிவா வெட்டக் கூடாதுய்யா. இன்னும் படுத்தாப்புல வரணும்."

பையன் என் மேசையிலிருந்து பாகைமானியை எடுத்தான். "எத்தனை பாகை டீச்சர்?" முப்பது என்றேன். வேறு அட்டை கேட்டு வாங்கிக்கொண்டு, பாட்டியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.